அவசரம் என்றால் என்னையே கூப்பிடவும்

நேற்று காலை பதினோரு மணிக்கு உன்னிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் பதில் போடுவதில் நீ தாமதம் செய்யவில்லை. நான் அனுப்பிய அதே நிமிடத்தில் வந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். அடுத்த வாரம் முதல் பத்து நாள் ஊரில் இருக்க மாட்டேன் என்று ஆபீசில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மெயில் தட்டினேன். அந்தப் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் வைத்துவிட்டுப் போன தானியங்கிப் பதிலும் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருந்தாலும், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘நான் விடுமுறையில் இருக்கிறேன். அவசரம் என்றால் என்னையே கூப்பிடவும். அவசரம் இல்லையென்றாலும் கூப்பிடலாம்.’ கீழே உன் கைபேசி எண்.

எழுத்தில் வந்த உத்தரவை மதித்துப் பழகியவன் நான். அந்த எண்ணைக் கூப்பிட்டேன். என் மேசை இழுப்பறைக்குள் மணி அடித்தது.

எதிர் மேசையில் இருந்த நந்தினி எட்டிப் பார்த்தாள். “சார், உள்ள போன் அடிக்குதுங்க.”

“தெரியும் கண்ணு. நான்தான் கூப்பிடறேன்.”

அவள் நம் ஆபீசில் சேர்ந்து ஆறு ஆண்டு ஆகிறது. நம் இருவரையும் பார்த்துப் பழகியவள். அதனால் ஏன் என்று கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டாள். “அண்ணன் மெயிலை க்ளோஸ் பண்ணீரலாங்களா சார்? புதுசா ஆர்டர் குடுக்கற பையருங்க எல்லாம் கேக்கறாங்க. இவரு யாருங்க, இத்தன நாளா லீவுல இருக்காரு, உங்க கம்பெனியில லீவு இவ்வளவு தாராளமாங்கன்னு.”

“லீவு முடிஞ்சு வந்து சொல்றேன்.”

“யாரு லீவு முடிஞ்சுங்க?”

“என் லீவுதான்.”

“ஓ, சரிங்க சார்” என்றாள். நம்பவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல நம் ஊரில்தான் முடியும். இந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை இதே லீவைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

உன் போன் அடித்து ஓய்ந்த பிறகு வெகு நேரம் வேலை ஓடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதை உன் மெயிலுக்கு அனுப்பப் போவதில்லை. அனுப்பினால் மறுபடி அதே பதில் வரும்.

நாம் இருவரும் நெதர்லாந்துக்குப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். பெருமாநல்லூர் கம்பெனியில் நீ குவாலிட்டி, நான் மெர்ச்சண்டைசர். நம்மிடம் பனியன் வாங்கிய பையருக்கு, துணியைத் தொட்டுப் பார்த்துப் பேசத் தெரிந்த இரண்டு பேர் அங்கேயே வேண்டும் என்றார்கள். முதலாளி நம்மைக் கை காட்டினார். விமானத்தில் நான் பயத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். நீ தூங்கி எழுந்து சொன்னாய்: “எங்கப்பா தூத்துக்குடியில இருந்து திருப்பூருக்கு வந்தாரு பாரு, அதுதாம்ல வெளிநாடு. பால்காரர் ‘ஏனுங்க’ன்னு கூப்பிட்டிருக்காரு. எம்பேரு ஏனுங்க இல்லன்னு சண்டைக்குப் போயிட்டாராம். இது என்ன மக்கா, பக்கத்து ஊரு.”

பக்கத்து ஊரில் எல்லாம் பிடிபட்டது. குளிர் பிடிபட்டது, சைக்கிள் பிடிபட்டது, மதியம் ரொட்டிக்கு நடுவில் சாக்லேட் துகளை வைத்துத் தின்பதுகூடப் பழகிவிட்டது. பிடிபடாத ஒன்று லீவு.

ஜனவரி முதல் வாரத்தில் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய காலண்டர் மாட்டுவார்கள். ஆண்டு முழுவதற்கும் யார் எப்போது லீவு, எங்கே போகிறார்கள் என்று அதில் அவரவரே எழுத வேண்டும். கோடையில் எடுக்கும் லீவை ஜனவரியில் எழுதுகிறவர்களை நாம் அதுவரை பார்த்ததில்லை. நம் கம்பெனியில் லீவு என்றால் காலையில் போன் செய்து இருமிக் காட்டுவது. ஒருவர் ஸ்பெயின் என்று எழுதினார், ஒருவர் கிரீஸ் என்று எழுதினார். நம் முறை வந்தது. நீ ஆங்கில எழுத்தில் ‘ஊரு’ என்று எழுதினாய். உன்னைப் பார்த்து நானும் எழுதினேன்.

நம் மேலாளர் அன்னா பொறுப்பான பெண்மணி. ஊரு எந்த நாட்டில் இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. இருவரும் வருடா வருடம் ஒரே இடத்துக்குப் போகிறார்களே, அப்படியென்றால் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டார். மூன்றாம் ஆண்டில் கேட்டார்: “ஊருவில் கடற்கரை உண்டா?” நீ முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாய்: “கடற்கரை இல்லை. ஆனால் கூட்டம் அப்படித்தான் இருக்கும்.”

அந்த ஊரில் நாம் எடுத்த ஓய்வை இன்றைக்கு நினைத்தாலும் களைப்பாக இருக்கிறது. கோயம்புத்தூர் விமான நிலையத்து வாசலில் மாமனார் வண்டிக்கு முன்னால் கம்பெனி வண்டி நிற்கும். “வந்ததே வந்தீங்க, ஒரு எட்டு வந்து சரக்கு லாட்டைப் பாத்துட்டுப் போயிருங்க தம்பி.” ஒரு சீர், இரண்டு கல்யாணம், ஒரு புதுமனை, பழனி. நடுவில் மூன்று கம்பெனி, இரண்டு டையிங் பட்டறை. என் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றிய கையோடு ஒருவர் இலைக்குப் பக்கத்தில் ஒரு துணித்துண்டை வைத்து, “இந்தச் சிவப்பு ஓகேங்களா?” என்று கேட்டார். இருபத்திரண்டு நாள் லீவு முடிந்து நெதர்லாந்து திரும்பி, திங்கட்கிழமை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உடம்பு சாய்ந்தது. அன்னா கேட்டார், நன்றாக ஓய்வெடுத்தீர்களா என்று. “முழு ஓய்வு” என்றாய். அது அந்த நிமிடத்துக்கு உண்மைதான்.

முதல் ஆண்டு உன் மைத்துனனுக்கு ஃபாரின் டிஷர்ட் வாங்கிப் போனாயே, அதையும் சொல்ல வேண்டும். தள்ளுபடியில் பார்த்துப் பார்த்து எடுத்தது. அவன் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. திருப்பூர்க்காரன் எவன் பனியனைப் போட்டுப் பார்ப்பான்? உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். பக்கத் தையலில் இருந்த சின்ன லேபிளைப் படித்தான். “அத்தான், இது நம்ம ஊட்டுல இருந்து மூணாவது சந்து. சொல்லியிருந்தா நடந்து போயே வாங்கிட்டு வந்திருப்பனே.” தூத்துக்குடிக் குடும்பத்தில் பிறந்தவன் ‘ஊடு’ என்று பேசுகிறானே என்று உனக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது.

அன்று முதல் எந்த நாட்டில் எந்தக் கடைக்குள் போனாலும் நீ முதலில் பனியனை உள்பக்கமாகத் திருப்பினாய். உன் மனைவி ஜெயா யாரோ போல இரண்டு வரிசை தள்ளிப் போய் நிற்பாள். உன் மகள் சின்னப் பிள்ளை, அப்பாவைப் பார்த்துத் தானும் திருப்புவாள். ஒரு நாள் அப்படி ஒரு கடையில் நாலைந்து ஊர்ப் பனியன்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: “நாம தச்சதெல்லாம் ஊர் சுத்துது மக்கா. நாமதாம் சுத்தல.”

அந்த ஜனவரியில் காலண்டரில் நீ ‘ஆஸ்திரியா, ஒன்பது நாள்’ என்று எழுதினாய். அன்னா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊருவில் ஏதாவது அசம்பாவிதமா என்று விசாரித்தார்.

கிளம்பும் முன்தினம் ஜெயா எனக்குப் போன் செய்தாள். “அண்ணே, கல்யாணம் ஆயி மொத மொதலா எங்கள ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறாக. பிள்ள மாசக்கணக்கா மலை படம் வரையுது. ஒம்பது நாளு. நீங்க மட்டும் கூப்பிடப்படாது.”

“கூப்பிட மாட்டேன்மா.”

“சத்தியம் பண்ணுங்க. உங்க முருகன் மேல பண்ணுங்க. எங்க சாமி மேல பண்ணுனா மறந்துருவீய.”

பண்ணினேன்.

அன்று மாலைதான் அன்னா உனக்குத் தானியங்கிப் பதில் வைக்கக் கற்றுக்கொடுத்தார். நம் ஊரில் அப்படி ஒரு வசதி இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் யோசித்து நீ எழுதியதுதான் அந்த வாசகம். அன்னா அதைப் படித்துவிட்டு உன் மேசைக்கு வந்தார். அவசரத்துக்கு வேறொருவர் எண்ணைக் கொடுப்பதுதான் இதன் நோக்கம், உன் எண்ணைக் கொடுப்பது அல்ல என்று பொறுமையாக விளக்கினார்.

“வேறொருவருக்கு என் வேலை தெரியாதே” என்றாய்.

“அதனால்தான் அது விடுமுறை” என்றார்.

திரும்பி வந்து மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தாய். அந்த வாக்கை நீ நிறைவேற்றவே இல்லை.

நீ போன மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பெருமாநல்லூர் சரக்கு சிக்கிக்கொண்டது. குழந்தைகள் இரவில் போடும் உடுப்பு, ரோஸ் நிறம். டையிங்கில் இருந்து அந்த ரோஸில் ஏ, பி, சி என்று மூன்று துண்டு அனுப்பியிருந்தார்கள்; அதில் சி-யை நீ அப்ரூவல் செய்திருந்தாய். இப்போது தைத்து முடித்த சரக்கிலிருந்து வந்த சாம்பிளை, கோடை வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் கோப்பில் இருந்த துண்டோடு வைத்துப் பார்த்து, நிறம் பொருந்தவில்லை என்று படிவம் நிரப்பிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. கோப்பில் ஏ இருந்தது, பி இருந்தது. சி இல்லை. பெரும்பாலும் இதுதான் இருக்கும் என்று பி-யோடு ஒப்பிட்டிருக்கிறாள்.

அது பி இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நிரூபிக்கச் சி வேண்டும். உன் மேசை, உன் அலமாரி, நீ ஊறுகாய் ஒளித்து வைக்கும் டப்பா வரைக்கும் தேடினேன். வியாழன் மதியத்துக்குள் அன்னா கையெழுத்துப் போடாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும். கப்பல் போனால் ஆர்டர் போகும். முதலாளி போனில் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. “தம்பி, நாலு தையல் லைனுங்க. இந்த ஆர்டரோட ரிப்பீட்டை நம்பித்தான் உக்காந்திருக்குதுங்க. நாளைக்கு அவங்க மிஷின் முன்னால நான் என்ன துணியக் கொண்டுபோய் வைக்கறதுங்க?” கம்பெனியில் இருக்கும் சி-யை அனுப்பச் சொல்லலாம் என்றால், கூரியர் வந்து சேரச் சனிக்கிழமை ஆகும்.

உன்னைக் கூப்பிட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் முருகன் இருந்தார். முருகனுக்கு அந்தப் பக்கம் ஜெயா இருந்தாள். மலை வரைந்த பிள்ளை இருந்தது. அரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு வழி தோன்றியது. சத்தியம் செய்தது போனுக்குத்தான், மெயிலுக்கு இல்லை. ‘சி எங்கே?’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன்.

அதே நிமிடம் உன் பதில் வந்தது. அவசரம் என்றால் என்னையே கூப்பிடவும்.

இரண்டு முறை படித்தேன். முருகனும் படித்திருப்பார் என்று நம்பி உன்னைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாய். காற்று இரைந்தது. “என்ன மக்கா, ரோஸா?”

“சி எங்கடா?”

 ரொம்பச் சின்னக் குரலில், “எஞ் சட்டப் பையில” என்றாய்.

நான் அப்போது சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. நீ உன் நியாயத்தைச் சொன்னாய்: “அப்ரூவல மேசையில வச்சுட்டுப் போனா, வரும்போது மேசைதாம்ல இருக்கும்.” பெருமாநல்லூரில் பத்தாண்டு வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் வராமல் இருக்காது. அங்கே ஒரு முறை உன் அப்ரூவல் துண்டில் யாரோ கண்ணாடி துடைத்துவிட்டுப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து முக்கியமான துண்டு எதுவும் உன் பையை விட்டு இறங்கியதில்லை. பூட்டிய அலமாரியும் நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியும் இருக்கிற ஆபீசிலிருந்து, ஒரு நாட்டைத் தாண்டி, ஒரு மலை உச்சிக்கு, இரண்டு அங்குல ரோஸ் துணியை நீ பத்திரமாகக் கொண்டுபோயிருந்தாய். சரக்கைச் சிக்க வைத்தது நீதான். அதை விடுவிக்கக்கூடிய ஒரே ஆளும் நீதான்.

“சாயங்கால ரயிலப் பிடிக்கேன். நாளைக்கு அங்க நிப்பேன்” என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்போதுதான் போனுக்குள் ஜெயாவின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை, உன்னிடம்தான் பேசினாள். “துணிதான போவணும்? நீங்க எதுக்குப் போவணும்? அது போயிட்டு வரட்டும். நாம இங்கன இருப்போம்.”

நம் இரண்டு பேர் மூளைக்கும் அது எட்டவில்லை. சரக்கு என்றால் கூடவே நாமும் ஓட வேண்டும் என்றுதான் நமக்குப் பழக்கம். தபால் என்று ஒன்று இருப்பதை மறந்தே போயிருந்தோம்.

மலைக் கிராமத்துத் தபால் நிலையத்தில் நடந்ததை நீ சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பேன். உறையை நீட்டியதும் அங்கிருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். துணித்துண்டு என்றாய். விரைவுத் தபால், காப்பீடு உண்டு, மதிப்பு எவ்வளவு என்று கேட்டாள். நீ யோசித்தாய். பின்னால் வரிசை நின்றது. கடைசியில் ‘ஒன்று’ என்று எழுதினாய்.

“ஒரு யூரோவா?” என்றாள்.

“இல்லை. ஒரு ஊரு” என்றாய்.

அவள் யூரோ என்றே எடுத்துக்கொண்டு முத்திரை குத்தினாளாம்.

வியாழன் காலை பத்தரைக்கு உறை வந்தது. உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையில் சுற்றிய சி. அதன் மேல் ஜெயாவின் எழுத்து: ‘அண்ணே, சத்தியத்த மீறுனத முருகன் கேப்பாரு.’ அன்னா தானே விளக்குப் பெட்டிக்குள் துண்டையும் சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்று விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எது துண்டு, எது சாம்பிள் என்று எனக்கே குழம்பியது. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, இது ஏன் ஆல்ப்ஸில் இருந்து வந்தது என்று கேட்டார். பெரிய கதை என்றேன். முதலாளிக்குப் போனில் சொன்னேன். அவர் போனை மேசையில் வைத்துவிட்டு யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது: “ஏத்தச் சொல்லுங்க, ஏத்தச் சொல்லுங்க!”

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நீ தபால் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இருந்தாய். உன் மகள் மாடு படம் போட்ட ஒரு பனியனைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. நீ வழக்கம்போல உள்பக்கம் திருப்பினாய். லேபிள் இந்தியா என்றது. கழுத்துப் பட்டியின் முனையைப் பார்த்தாய். தையல் முடியும் இடத்தில் முன்னும் பின்னும் ஒரு முறை ஓட்டி நிறுத்துவது வழக்கம். அங்கே இரண்டு முறை ஓட்டியிருந்தது. அப்படி ஓட்டுகிறவர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. பெருமாநல்லூர் கம்பெனி நாலாவது லைன் ராஜாத்தி அக்கா. ஒரு முறை போதும் என்று எத்தனை சூப்பர்வைசர் சொல்லியும் கேட்காதவர். “பிரிஞ்சுட்டா கழுத்துல போடறவங்க என்னையத்தான் திட்டுவாங்க” என்பார். யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், “எனக்குத் தெரியும்லங்க” என்பார்.

வாங்கினாய். எப்போதும் இரண்டு வரிசை தள்ளி நிற்கும் ஜெயா இந்த முறை தானே வந்து அந்த முனையைத் தடவிப் பார்த்தாளாம். பிறகு உன்னை வெளியே நிறுத்திப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் பின்னால் பனி மூடிய மலை இருக்கிறது. முன்னால் நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கையில் பனியனை உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருக்கிறாய். மாடு தெரியவில்லை, தையல் தெரிகிறது. அந்த மலைக்குப் போன இத்தனை பேரில் தையலோடு படம் எடுத்துக்கொண்டவன் நீ ஒருவன்தான் என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அந்தப் பனியனையும் படத்தையும் ராஜாத்தி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். நானும் கூட நின்றேன். அக்கா மிஷினை நிறுத்தாமலே பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இதையவா அங்கிருந்து தூக்கிட்டு வந்தீங்க? இங்க கேட்டிருந்தா கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ்ல ரெண்டு எடுத்துக் குடுத்திருப்பனல்லங்க?”

“அக்கா, தையலப் பாருங்க.”

பார்த்தார். மிஷின் நின்றது. படத்தை வாங்கி அதையும் பார்த்தார். “இந்த மலைக்கு மேலயாங்க இருந்துச்சு?”

“ஆமாக்கா.”

“நம்மளுக்கு முன்னாலயே போயிருச்சாக்கும்” என்றார். பிறகு லைன் முழுக்கக் கேட்கும்படி, “ஏய், எல்லாரும் வாங்கடி இங்க. என்ற தையல் எங்க போயிருக்குதுன்னு வந்து பாருங்க!” என்று கூப்பிட்டார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார், லைன் ஏன் நிற்கிறது என்று கேட்க. அவரும் படத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். ரோஸ் ஆர்டர் தப்பியதற்கு அவர் உனக்கு நன்றி என்று சொல்லவில்லை. நாலாவது லைனைக் கால் மணி நேரம் நிற்க விட்டார். அது அவர் ஆயுளில் வேறு யாருக்கும் செய்யாதது.

பிறகு நாம் இருவரும் திரும்பி வந்து பெருமாநல்லூர் சாலையில் இந்தச் சின்ன ஆபீசைப் போட்டோம். முதல் நாளே நீ சுவரில் பெரிய காலண்டரை மாட்டினாய். எல்லோரும் ஜனவரியில் எழுத வேண்டும். ஊரு என்று ஒரு முறை எழுதலாம், அடுத்த லீவுக்கு வேறு இடம் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டாய். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒடிசாக்காரப் பையன்கள் மூவரும் திருப்பூரையே வேறு இடமாக எழுதினார்கள். அவர்கள் கணக்குப்படி அது சரிதான் என்று விட்டுவிட்டாய். நந்தினி இரண்டாம் ஆண்டு ராமேஸ்வரம் எழுதினாள். அதற்கு முன் கடல் பார்த்ததில்லையாம். திரும்பி வந்து ஒரு வாரம் பைல் எல்லாம் மணலாக இருந்தது. இன்றைக்கு அந்தச் சுவரைப் பார்த்தால் ஸ்பெயினும் கிரீஸும் இல்லை. ஏலகிரி இருக்கிறது, கன்னியாகுமரி இருக்கிறது, யாரோ ஒருவர் அந்தமான் என்று எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனிக்காரர்கள் ஜனவரியிலேயே லீவு எழுதும் ஆபீஸ் இந்தத் தொழிலில் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. அது நம்முடையது, நீ செய்தது.

உன் சட்டத்தை ஏமாற்றியவன் நான் ஒருவன்தான். வருடா வருடம் ஏதோ ஓர் இடத்தை எழுதிவிட்டு, அந்த வாரம் ஆபீசில் உட்கார்ந்திருப்பேன். “ஏல, உன் லீவு மட்டும் ஊர் சுத்துது, நீ சுத்தல” என்பாய்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் உன் மேசையில் உட்கார்ந்து அதே வாசகத்தைத் தட்டினாய். “சின்னச் சோலி, நாலு நாளு” என்றாய். நான் எட்டிப் பார்த்து, திரும்பும் தேதியை விட்டுவிட்டாயே என்றேன்.

“டாக்டருக்கே தெரியலையாம், மெயிலுக்கு எப்படி மக்கா தெரியும்?”

ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரைக்கும் உன் போன் அடித்துக்கொண்டேதான் இருந்தது. அவசரமானவர்களும் அவசரமில்லாதவர்களும் கூப்பிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஜெயா அந்தப் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். “இது அடிச்சுக்கிட்டே கெடக்குண்ணே. ஒவ்வொருத்தருக்கா எடுத்துச் சொல்ல என்னால ஏலல. நீங்க வச்சுக்கிடுங்க.” முதல் இரண்டு மாதம் எடுத்து எடுத்துச் சொன்னேன். இப்போது அதிகம் அடிப்பதில்லை. ஆனாலும் ரீசார்ஜ் தவறுவதில்லை.

அன்னா கடிதம் எழுதியிருந்தார். நாம் கிளம்பி வந்த பிறகும் அந்த ஆபீசில் நம் வார்த்தை தங்கிவிட்டதாம். கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் காலண்டரில் ‘ஊரு’ என்றுதான் எழுதுகிறார்களாம். அதன் அர்த்தத்தை நீ கடைசியில் அவரிடம் சொல்லிவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குச் சரியாகவே புரிந்திருக்கிறது.

நந்தினிக்கு இன்று காலை பதில் சொல்லிவிட்டேன். அவள் சொல்வதுதான் நியாயம், உன் மெயிலை மூடிவிடலாம். “நெசமாலுமேங்களா சார்?” என்றாள். “நெசமாலுமே. ஆனா நம்பர் இருக்கட்டும்” என்றேன்.

வரும் திங்கட்கிழமை நானும் என் மனைவியும் கிளம்புகிறோம். உன் மலைக் கிராமத்துக்குத்தான். விசா வந்துவிட்டது, டிக்கெட்டை ஜெயா வாங்கித் தன் கையில் வைத்திருக்கிறாள், என்னிடம் கொடுத்தால் தேதி மாறிவிடுமாம். ராஜாத்தி அக்காவுக்கும் விஷயம் போய்விட்டது. நேற்று வழியில் பிடித்துக்கொண்டார். “அந்தக் கடைக்குப் போயி நம்ம சரக்கு இன்னும் வருதான்னு பாக்கோணும் தம்பி. ஒத்தத் தையலா இருந்துச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க. எவன்னு நான் பாத்துக்கறன்.” அவர் வேலையை விட்டு ஓராண்டு ஆகிறது.

உன் போனை இழுப்பறையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் உறையைக் கழற்றியபோது பின்னால் இரண்டு அங்குல ரோஸ் துணி இருந்தது; அதே சி, கோப்பிலிருந்து எப்போது திரும்ப எடுத்துக்கொண்டாயோ. ஓரம் நைந்திருக்கிறது, நிறம் போகவில்லை. அதை அங்கேயே வைத்து மூடிவிட்டேன்.

இப்போது என் மெயிலில் தானியங்கிப் பதில் எழுதி முடித்தேன். உன் வாசகத்தைத்தான் எடுத்துக்கொண்டேன், ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். ‘நான் விடுமுறையில் இருக்கிறேன். அவசரம் என்றால் இவனைக் கூப்பிடவும். அவசரம் இல்லையென்றாலும் கூப்பிடலாம்.’ கீழே உன் எண். அன்னா சொன்னபடி வேறொருவர் எண்ணைக் கொடுத்தாயிற்று. மலை மேல் அது அடித்தால் நான் எடுப்பேன்.

திரும்பும் தேதியையும் போட்டிருக்கிறேன். உன்னைப் போல விட்டுவிடவில்லை.